முதல் டிரில் மெஷின்: ஒயரா, பேட்டரியா, ஹேமரா?

சுத்தியல், கட்டிங் பிளேயர், திருப்புளி இவற்றை வாங்க யாரும் அதிகம் யோசிப்பதில்லை. கையில் எடுத்துப் பார்த்தோம், பிடித்தது, வாங்கினோம். டிரில் மெஷின் என்று வரும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒயர் வைத்தது, பேட்டரியில் ஓடுவது, 'இம்பாக்ட்' என்று எழுதியது, 'ரோட்டரி ஹேமர்' என்று எழுதியது. ஒவ்வொன்றின் பெட்டியிலும் வாட், வோல்ட், நிமிடத்துக்கு இத்தனை அடி என்று வரிசையாக எண்கள். விற்பவரைக் கேட்டால், "இது எல்லாத்துக்கும் ஆகும்" என்பார். எல்லாவற்றுக்கும் ஆகிற மெஷின் என்று ஒன்று கிடையாது. எதையாவது நன்றாகச் செய்யும், மற்றதை ஒப்பேற்றும். அவ்வளவுதான்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் முதலில் வாங்குவது ஒயர் வைத்த இம்பாக்ட் டிரில். கான்கிரீட்டில் அடிக்கடி துளை போட வேண்டிய வீட்டுக்கு அது அரைகுறைத் தேர்வு. செங்கல் சுவர் வீட்டுக்கு அதே மெஷின் தாராளமாகப் போதும், வருஷக்கணக்கில் உழைக்கவும் செய்யும். மரமும் ஜிப்சம் பலகையும்தான் சுவர் என்றால் அதுவும் வேண்டாம், சின்ன பேட்டரி டிரில்லே போதும். ஆக, மெஷினைப் பார்க்கும் முன் சுவரைப் பார்த்தாக வேண்டும்.

சுவரில் என்ன இருக்கிறது?

தட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உள்ளே வெற்றிடம் இருப்பதாகச் சத்தம் கேட்டால் ஜிப்சம் பலகை, அல்லது பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிற இடம். சத்தம் எழாமல் விரல் மட்டும் வலித்தால் கெட்டிச் சுவர். ஆனால் அந்தக் கெட்டிச் சுவர் செங்கல்லா கான்கிரீட்டா என்பது தட்டினால் தெரியாது. தெரிந்தவர் யாரிடமாவது ஒரு டிரில்லை இரவல் வாங்கி, அலமாரிக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டு, விழுகிற தூளைக் கவனியுங்கள்.

முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் வருவது வெறும் பூச்சின் தூள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அதற்கு அப்புறம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கொட்டினால் செங்கல். சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, பிட் (மெஷினின் முனையில் மாட்டும் துளைக்கம்பி) நகரவே அடம் பிடித்தால் கான்கிரீட். வெளிறிய தூள் மளமளவென்று கொட்டி, அழுத்தாமலேயே பிட் இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக் என்று சொல்லப்படும் காற்றுக்குமிழ் கல். சாதாரண கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ எடை இருக்கும். இந்தக் கல் 500 முதல் 700 கிலோதான். பாதியில் பிட் திடீரென்று உள்ளே பாய்ந்தால், நடுவே பொந்து வைத்த கல்.

செங்கல் வீடு என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். தூண், பீம், கூரைத்தளம், கதவு ஜன்னல்களுக்கு மேலே ஓடும் லிண்டல் எல்லாம் பெரும்பாலும் கான்கிரீட்தான். திரைச்சீலைக் கம்பியை எங்கே மாட்டுவோம்? ஜன்னலுக்கு நேர் மேலே, சரியாக அந்த லிண்டலில். கூடத்தில் படம் மாட்டும்போது சுலபமாக ஓடிய அதே மெஷின் ஜன்னலுக்கு மேலே போனதும் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் மெஷின் கெட்டுப்போனதல்ல.

ஆகவே வீட்டைச் சுற்றி ஒரு நடை போய், வரப்போகும் ஒரு வருஷத்தில் எத்தனை துளை, எந்தப் பொருளில் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லிண்டலில் நாலே நாலு துளை, மற்றதெல்லாம் செங்கல் என்று வந்தால் ஒரு முடிவு. வீடு முழுக்கக் கான்கிரீட் சுவர் என்றால் வேறு முடிவு.

ஒரே துளை, இரண்டு வித அடி

இம்பாக்ட் டிரில்லுக்கும் ரோட்டரி ஹேமருக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டிலுமே பிட் சுழலும், சுழன்றுகொண்டே அடிக்கும். வித்தியாசம் அடி எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. விலை வித்தியாசத்துக்கும் காரணம் அதுதான்.

இம்பாக்ட் டிரில்லின் உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் எதிரெதிராக இருக்கும். ஒன்று சுழலும், மற்றது நிற்கும். பல்லின் மேல் பல் ஏறி இறங்கும்போது பிட் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவுதான் அடி. நீங்கள் அழுத்தினால்தான் பற்கள் சேரும், சேர்ந்தால்தான் அடி விழும். எனவே கான்கிரீட்டில் வேலை நடப்பது மோட்டாரின் பலத்தால் மட்டுமல்ல, உங்கள் தோளின் பலத்தாலும்தான். ஏணி மேல் நின்று, கையை உயர்த்தி, கூரைத்தளத்தில் துளை போட்டுப் பார்த்தால் இது உடனே புரியும்.

ரோட்டரி ஹேமரில் பல் தட்டே கிடையாது. ஒரு உருளைக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்ட காற்று, காற்றுக்கு முன்னால் ஒரு சின்ன இரும்புத் துண்டு. பிஸ்டன் காற்றை அழுத்த, காற்று அந்தத் துண்டை எறிய, துண்டு போய் பிட்டின் பின்பக்கம் மோதுகிறது. ஒவ்வொரு அடியும் நிஜமான சம்மட்டி அடி. நீங்கள் மெஷினை நேராகப் பிடித்து, நகராமல் பார்த்துக்கொண்டால் போதும். உடல் பாரத்தைப் போட்டு அழுத்தினால் வேலை வேகமாகாது, மெஷினுக்கும் நல்லதில்லை.

இப்போது பெட்டியில் இருக்கும் எண்களுக்கு வருவோம். இம்பாக்ட் டிரில்லில் நிமிடத்துக்கு 40,000 அடிக்கு மேல் என்று போட்டிருக்கும். வீட்டு உபயோக ரோட்டரி ஹேமரில் 4,000 முதல் 5,000 வரைதான் இருக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவர் முதலாவதைத்தான் எடுப்பார். ஆனால் அந்த நாற்பதாயிரமும் சுரண்டல், இந்த நாலாயிரமும் உடைப்பு. ரோட்டரி ஹேமரில் பார்க்க வேண்டிய எண் ஜூல்: ஓர் அடியில் எவ்வளவு ஆற்றல் என்பது. 2 ஜூல் அளவில் இருந்தாலே வீட்டுக்குத் தேவையான 6, 8, 10 மி.மீ. துளைகள் கான்கிரீட்டில் சில விநாடிகளில் இறங்கிவிடும். இம்பாக்ட் டிரில்லின் பெட்டியில் பெரும்பாலும் ஜூல் கணக்கே இருக்காது. வாட் என்பது மெஷின் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று சொல்கிறதே தவிர, பிட்டின் முனையில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று சொல்வதில்லை. 850 வாட் இம்பாக்ட் டிரில் திணறும் கான்கிரீட்டில் 600 வாட் ரோட்டரி ஹேமர் அலட்டிக்கொள்ளாமல் போகும்.

அப்படியானால் எல்லாரும் ரோட்டரி ஹேமரே வாங்கிவிடலாமே? வாங்கலாம், மூன்று சங்கடங்களை ஏற்றுக்கொண்டால். ஒன்று, எடை. இம்பாக்ட் டிரில் சுமார் 2 கிலோ என்றால் இது இரண்டரை முதல் மூன்று கிலோ வரை போகும். இரண்டு, பிட். இதற்கு எஸ்.டி.எஸ். பிளஸ் என்ற தனி வகை பிட் வேண்டும், 10 மி.மீ. தடிமனுள்ள அடிப்பாகத்தில் காடி வெட்டியிருக்கும், தள்ளினால் 'டக்' என்று உட்காரும். உங்களிடம் ஏற்கெனவே உள்ள உருண்டை பிட் எதுவும் நேரடியாகப் பொருந்தாது. மூன்றாவதுதான் முக்கியமானது: மரத்திலும் இரும்பிலும் துளையிடவும் ஸ்குரு முடுக்கவும் இது லாயக்கில்லை. அதற்கென்று ஒரு சக் அடாப்டர் விற்கிறார்கள் (சக் என்பது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்). மாட்டினால் மெஷினின் நீளம் கூடும், முனை லேசாக ஆடும், அடிக்கும் வசதியை அணைத்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவசரத்துக்குச் சரி. அலமாரிக் கதவின் கீலைத் துல்லியமாகப் பொருத்த இதைக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். மூன்று முறைகள் உள்ள ரோட்டரி ஹேமராக வாங்கினால், சுழலாமல் அடிக்க மட்டும் செய்யும் முறையும் இருக்கும். உளி பிட் மாட்டி, பழைய டைல்ஸ் பெயர்க்கவும், ஒயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டவும் அது உதவும். இரண்டே முறைகள் உள்ள மாடலும் பக்கத்திலேயே இருக்கும், கொஞ்சம் மலிவாக. என்னைக் கேட்டால் மூன்றுள்ளதே மேல்.

பேட்டரி டிரில்

ஒயர் இல்லாத சுகத்தை ஒரு முறை அனுபவித்தவர் திரும்பிப் போவது கஷ்டம். கட்டில் பூட்ட, அலமாரி கோர்க்க, கதவுத் தாழ்ப்பாள் மாற்ற, ஜிப்சம் சுவரில் கொக்கி வைக்க எடுத்ததும் கைக்கு வருவது இதுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேட வேண்டாம், ஏணியில் ஒயர் சிக்காது. சக்கின் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும், அதுதான் கிளட்ச். ஸ்குரு போதுமான அளவு இறுகியதும் கிளட்ச் நழுவிவிடும், ஸ்குருவின் தலை பலகைக்குள் புதைந்து போகாது. ஒயர் வைத்த இம்பாக்ட் டிரில்லில் பொதுவாக இந்தக் கிளட்ச் கிடையாது. பட்டியலில் எழுதியிருக்கும் வேலைகளில் பாதி துளை, பாதி ஸ்குரு என்றால் இதை மறக்க வேண்டாம்.

வோல்ட் எண்ணில் ஒரு விளம்பர வித்தை உண்டு. 20 வோல்ட் என்று விற்பதும் 18 வோல்ட் என்று விற்பதும் ஒன்றேதான். இரண்டிலும் தலா 3.6 வோல்ட் வீதம் ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன. புதிதாக சார்ஜ் ஏற்றி, சுமை எதுவும் கொடுக்காமல் அளந்தால் 20 காட்டும். வேலை செய்யும்போது 18. அதேபோல 12 வோல்ட் என்பது மூன்று செல்கள், அதாவது 10.8 வோல்ட். இதில் ஏமாற்று ஏதுமில்லை, ஆனால் 20 போட்டது 18 போட்டதைவிடப் பலசாலி என்று நம்பிப் பணத்தைக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர். 10.8 வோல்ட், 4 ஆம்பியர் அவர் என்றால் 43. அதாவது சின்ன மெஷினில் பெரிய பேட்டரி மாட்டினால், பெரிய மெஷினில் சின்ன பேட்டரி மாட்டியதைவிடக் கூடுதல் ஆற்றல் இருக்கும். வோல்ட் கூடினால் கூடுவது முறுக்குவிசை. 12 வோல்ட் வகையில் 30 நியூட்டன் மீட்டர் வாக்கில் கிடைக்கும். 18 வோல்ட்டில் 50, 60, அதற்கு மேலும் போகும். ஸ்குரு முடுக்கவும் மரத்தில் 10 மி.மீ. துளை போடவும் 30 போதும். 12 வோல்ட் மெஷின் பேட்டரியோடு சேர்த்து சுமார் ஒரு கிலோதான், அலமாரிக்குள் கையை விட்டு வேலை செய்யலாம். வீட்டுக்காரர்கள் தேவையில்லாமல் 18 வோல்ட்டுக்குத் தாவுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பிரஷ்லெஸ் மோட்டார் என்று ஒன்று இருக்கிறது. மோட்டாரில் உரசித் தேயும் கார்பன் பிரஷ் இல்லை. சூடு குறைவு, ஒரே சார்ஜில் கூடுதல் வேலை. தினமும் வேலை செய்பவருக்கு அந்த விலை தகும். மாதம் ஒரு முறை எடுப்பவர், கிடைத்தால் சரி என்று இருக்கலாம்.

பேட்டரி டிரில் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது டிரில்லை அல்ல, பேட்டரிக் குடும்பத்தை. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் ஏறாது. ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கும் டீவால்ட்டும் கிராஃப்ட்ஸ்மேனும்கூட ஆளுக்கொரு பேட்டரி வைத்திருக்கின்றன. மெட்டாபோ முன்னின்று நடத்தும் சி.ஏ.எஸ். போல, பல நிறுவனங்கள் ஒரே பேட்டரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகளும் இருக்கின்றன, ஆனால் அவை எல்லாக் கடையிலும் கிடைக்காது. இன்றைக்கு டிரில், நாளைக்கு ஜிக்சா, அதற்கு மறுநாள் சாண்டர் என்று போகப் போகிறவர், முதல் மெஷினை வாங்கும்போதே அந்தக் குடும்பத்தில் இன்னும் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பேட்டரி இல்லாமல் மெஷின் மட்டும் விற்பார்கள். இரண்டாவது கருவியிலிருந்து அதுதான் லாபம். பெயர் தெரியாத நிறுவனத்தின் பேட்டரி மெஷினில் எனக்கு இருக்கும் ஒரே பயம் இதுதான். மெஷின் நன்றாகவே இருக்கலாம், பேட்டரி தேய்ந்தபின் மாற்று கிடைக்காது.

பேட்டரி டிரில்லிலும் சுத்தியல் படம் போட்ட முறை இருக்கும். செங்கல்லுக்கு அது போதும். கான்கிரீட்டில் ஒன்றிரண்டு துளை போடலாம், அதற்குள் பேட்டரி இறங்கியிருக்கும். பேட்டரியில் ஓடும் ரோட்டரி ஹேமரும் வந்துவிட்டது. நல்ல மெஷின்தான், விலை கேட்டால் ஒயர் வைத்தது இன்னும் நல்ல மெஷினாகத் தெரியும்.

இம்பாக்ட் டிரைவர் என்ற குட்டையான கருவியையும் இதே வரிசையில் பார்ப்பீர்கள். பெயரில் இம்பாக்ட் இருப்பதால் சுவரில் துளை போடும் என்று நினைக்க வேண்டாம். இதன் அடி முன்னோக்கி விழுவதில்லை, சுழலும் திசையில் விழுகிறது. நீளமான மர ஸ்குருக்களையும் போல்ட்டுகளையும் முடுக்கத்தான் இது. மேல்மாடத்தில் மரத்தளம் போடுகிறவர்களுக்குத் தேவை, மற்றவர்கள் கடந்து போகலாம்.

யாருக்கு எது

வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், சுவரில் நாலு கொக்கிக்கு மேல் அனுமதியில்லை, மரச்சாமான் பூட்டுவதுதான் முக்கிய வேலை என்றால் 12 வோல்ட் பேட்டரி டிரில். வேறெதுவும் வேண்டாம்.

செங்கல் சுவர், லிண்டலில் சில துளைகள், கையில் பணம் சிக்கனம் என்றால் ஒயர் வைத்த, 13 மி.மீ. சக் உள்ள இம்பாக்ட் டிரில். 600 வாட் வாக்கில், வேகத்தை விசையிலேயே கூட்டிக் குறைக்கும் வசதியும் எதிர்த்திசையில் சுழலும் வசதியும் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். லிண்டல் துளையை முதலில் 5 மி.மீ. பிட்டில் போட்டு அப்புறம் 8 மி.மீ.க்குப் பெரிதாக்கினால் இந்த மெஷினே சமாளித்துவிடும்.

சுவரெல்லாம் கான்கிரீட், சொந்த வீடு, வருஷம் முழுக்க ஏதாவது வேலை என்றால் இரண்டு மெஷின்: 2 ஜூல் அளவில் ஒயர் வைத்த ரோட்டரி ஹேமர் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி டிரில் ஒன்று. சேர்த்துப் பார்த்தால் செலவு அதிகமாகத் தெரியும். ஆனால் 'எல்லாத்துக்கும் ஆகும்' என்று வாங்கிய 18 வோல்ட் சுத்தியல் முறை டிரில் கான்கிரீட்டில் படுத்துவிட்டு, கடைசியில் ரோட்டரி ஹேமரும் வாங்க வேண்டி வருவதைவிடக் குறைவு.

ஏ.ஏ.சி. பிளாக் சுவர்க்காரர்களுக்கு எந்த மெஷினும் சரி, சுத்தியல் முறையை மட்டும் அணைத்துவிட வேண்டும். அடித்தால் துளை விரிந்து, ஸ்குருவைப் பிடிக்கச் சுவரில் செருகும் பிளக் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். பொந்து வைத்த கல்லுக்கும் இதேதான். அவர்கள் மெஷினில் மிச்சம் பிடித்த பணத்தை அந்தச் சுவருக்கென்றே செய்த பிளக்குகளில் போடலாம்.

மெஷினின் முனையில் இருப்பது

டிரில்லுக்கு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தவர், பிட்டுக்கு வரும்போது நூறு துண்டு உள்ள ஒரு பெட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். துளை போடுவது பிட்தான். சுவருக்கு முனையில் கார்பைடு துண்டு பற்றவைத்த பிட் வேண்டும். இரும்புக்கு எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்), துருப்பிடிக்காத எஃகுக்கு கோபால்ட் கலந்தது, மரத்துக்கு நடுவில் ஊசி முனை உள்ளது. நடைமுறையில் வீட்டுக்கு வேண்டியது சுவர் பிட்டில் 6, 8, 10 மி.மீ., மரத்துக்கும் இரும்புக்கும் 2 முதல் 8 மி.மீ. வரை ஒரு சின்ன வரிசை. இவற்றைத் தனித்தனியாக நல்லதாக வாங்குங்கள்.

டைல்ஸில் துளையிடுவது தனிக் கலை. சுத்தியல் முறை அணைந்திருக்க வேண்டும், வேகம் குறைவாக இருக்க வேண்டும், குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. சாதாரண சுவர் டைல்ஸுக்கு ஈட்டி முனை பிட் போதும். வழவழப்பான விட்ரிஃபைட், போர்சலின் டைல்ஸ் என்றால் வைரத்தூள் பதித்த பிட், கூடவே சூடு தணிக்கக் கொஞ்சம் தண்ணீர். ஒயர் வைத்த மெஷின் என்றால் தண்ணீரைச் சுவரில் ஊற்ற வேண்டாம், ஸ்பாஞ்சில் நனைத்து பிட்டில் ஒற்றினால் போதும். டைல்ஸைத் தாண்டிய பிறகு பிட்டை மாற்றி, சுத்தியல் முறையைப் போடலாம்.

பிளாஸ்டிக் பிளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் நைலான் பிளக்கை உருவாக்கினார். அது ஸ்குரு ஏறும்போது விரிந்து சுவரை நெருக்கிப் பிடிக்கிறது. விரிந்து பிடிக்க வேண்டுமென்றால் துளை சரியான அளவில் இருக்க வேண்டும்: 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட், பிளக்கின் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல் ஆழம், உள்ளே தூள் தங்கக் கூடாது. பிளக் லொடலொட என்று ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மலிவு பிளக் அல்ல, ஆடும் பிட் அகலப்படுத்திய துளை.

கைக்கருவிகள்: செட்டா, தனித்தனியா?

பெட்டியோடு வரும் 100 துண்டு, 150 துண்டு செட்டுகளைத் திறந்து எண்ணினால் முக்கால்வாசி சின்ன பிட் முனைகளும் சாக்கெட்டுகளும்தான். உண்மையான கருவி ஏழெட்டு தேறும், அவையும் நடுத்தரமாக இருக்கும். வீட்டில் ஒன்றுமே இல்லாதவருக்கு, பரிசாகக் கொடுக்க, செட் பரவாயில்லை. மற்றபடி தனித்தனியாக வாங்குவதுதான் என் கட்சி.

எதில் பணம் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்? ஸ்குரு டிரைவரில் போடுங்கள். முனை மென்மையான இரும்பாக இருந்தால் அது கெடுவதோடு ஸ்குருவின் தலையையும் கெடுத்துவிடும், அப்புறம் அதைக் கழற்றுவது பெரும்பாடு. கூட்டல் குறித் தலையில் இரண்டு வகை இருப்பதையும் கவனியுங்கள். பிலிப்ஸ் என்பது வெறும் கூட்டல் குறி. போசிட்ரைவ் என்பதில் கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் கூடுதலாக இருக்கும். ஒன்றின் முனை மற்றதில் நுழையும், ஆனால் பிடிக்காது. மின்வேலை செய்வதாக இருந்தால் கட்டிங் பிளேயரிலும் 1000 வோல்ட் முத்திரை குத்தியதாகப் பார்த்து வாங்குங்கள்; கைப்பிடியில் வெறும் பிளாஸ்டிக் உறை போட்டதெல்லாம் மின்காப்பு ஆகாது. முத்திரை இருந்தாலும் மெயினை அணைத்த பிறகுதான் வேலை. சுத்தியல், தட்டைக் கத்தி, பூச்சுக் கரண்டி இவற்றில் மிச்சம் பிடிக்கலாம்.

அளவு டேப்பின் நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது வேண்டுமென்றே அப்படிச் செய்தது. வெளிப்பக்கமாக மாட்டி இழுக்கும்போதும் உள்ளே முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சரியாக வருவதற்காக அந்த அசைவு. ரசமட்டத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம்: ஒரு மேசையில் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதே இடத்தில் முன்பின் திருப்பி வையுங்கள். குமிழ் மேசையின் அதே பக்கம், அதே அளவு நின்றால் மட்டம் சரி, சாய்ந்திருப்பது மேசை. வேறு பக்கம் போனால் மட்டம்தான் பிசகு.

வாடகை, இரவல், பழையது

குளியலறை டைல்ஸ் முழுவதையும் பெயர்ப்பது, தரையைத் தேய்த்து மெருகேற்றுவது மாதிரி வாழ்க்கையில் இரண்டு முறை வரும் வேலைகளுக்கு வாடகைதான். பெரிய உடைக்கும் மெஷின், தரை சாண்டர், பெரிய டைல்ஸ் கட்டர் எல்லாம் வாங்கி வைத்தால் இடத்தை அடைக்கும். லிண்டலில் நாலு துளைதான் என்பவர் ரோட்டரி ஹேமரையும் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். அதற்கு முன்பே எல்லா ஜன்னலிலும் இடம் குறித்து வைத்துவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

பழையது வாங்குவதானால் ஒயர் வைத்ததை வாங்கலாம், பேட்டரியில் ஓடுவதைத் தவிர்க்கலாம். ஒயர் மெஷினில் தேய்வது கார்பன் பிரஷ், அதை மாற்றிக்கொள்ளலாம். பழைய பேட்டரி மெஷினில், குறிப்பாக நிக்கல் காட்மியம் காலத்தது என்றால், பேட்டரி ஏற்கெனவே உயிர் விட்டிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது காற்றுத் துவாரம் வழியாகத் தெரியும் லேசான பொறி இயல்பு. வளையமாகச் சுற்றி எரியும் பொறியோ எரிந்த வார்னிஷ் வாசமோ வந்தால் வேண்டாம்.

ஆங்கிள் கிரைண்டரைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 100 மி.மீ. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுவரை ஓடும். டிரில்லில் கை நழுவினால் துளை கெடும், இதில் நழுவினால் கையே போகலாம். காப்பு மூடியைக் கழற்றுவதும், மரம் அறுக்கும் பல் வெட்டிய தகட்டை இதில் மாட்டுவதும் கூடவே கூடாது. வீட்டில் முதல் கருவியாகவோ இரண்டாவதாகவோ இது வர வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு கம்பி அறுக்க ஹாக்சா பிளேடு இருக்கிறது.

கடையில் நின்றுகொண்டு

மெஷினில் நீளமான ஒரு பிட்டை மாட்டச் சொல்லி, மெதுவாக ஓட்டி, நுனியைப் பாருங்கள். நுனி வட்டம் போட்டால் சக் சரியில்லை, வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். விசையை லேசாக அழுத்தினால் லேசாகச் சுழல வேண்டும், எடுத்ததும் முழு வேகத்தில் பாயக் கூடாது. இம்பாக்ட் டிரில்லுக்கும் ரோட்டரி ஹேமருக்கும் பக்கவாட்டுப் பிடியும் ஆழம் அளக்கும் கம்பியும் பெட்டியிலேயே இருக்க வேண்டும். பிட் கான்கிரீட்டில் சிக்கினால் மெஷின் உங்கள் மணிக்கட்டைத் திருகும், அப்போது காப்பாற்றுவது அந்தப் பிடிதான். பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் இரட்டை மின்காப்பு உள்ள மெஷின். அதற்கு எர்த் பின் இல்லாதது குறையல்ல.

கூடவே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும், தூளை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95 முகக்கவசமும் வாங்கிவிடுங்கள். கான்கிரீட் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், தலைக்கு மேலே துளையிடும்போது அது நேராக முகத்தில்தான் கொட்டும். சுவருக்குள் ஒயர் ஓடும் பாதையைக் காட்டும் சின்னக் கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் நேர் பக்கவாட்டிலும் துளை போடாமல் விலகி நில்லுங்கள். ஒயர்கள் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் போகும். துளையிடும்போது பிட் ஓரிடத்தில் நின்று, எவ்வளவு அடித்தும் இறங்காமல் உலோகச் சத்தம் கேட்டால் அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி. அதோடு மல்லுக்கட்டாமல் இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள்.

பணம் கட்டும் முன் மாற்று கார்பன் பிரஷ் கிடைக்குமா, சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள். பில்லில் மெஷினின் வரிசை எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், உத்தரவாதத்துக்குப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.